மகள் காட்டிய அழுகை முகம்

இது போன வருஷம், கல்முனையில் ஒரு கண் கிளினிக்கில் நடந்தது. என் மகளுக்கு அப்போது ஏழு வயது.

அவளுக்கு இடது கண்ணில் பார்வை நன்றாகக் குறைவு. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதித்தபோதுதான் அது எங்களுக்கே தெரிய வந்தது. கண்ணாடி போட்டதோடு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் பிளாஸ்டர் ஒட்டி மூடவேண்டும் என்றார் பெரிய டொக்டர். அப்போதுதான் பலவீனமான கண் வேலை செய்யப் பழகுமாம். "சின்ன வயசிலயே செய்யணும். வயசு போகப் போகக் கஷ்டம்" என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சும்மாவே பயந்த ஆள். கதவு படீரென்று சாத்தினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். அன்றிலிருந்து நித்திரை இல்லை.

பின்னேரம் அவளுக்குக் குர்ஆன் மத்ரஸா, அது முடிந்தால் டியூஷன். அதனால் பள்ளிக்கூட நேரத்திலேயே பிளாஸ்டரை ஒட்டிவிடலாம் என்று நானே முடிவெடுத்தேன். வகுப்பில் டீச்சரும் பார்த்துக்கொள்வார், அவளும் பிய்க்கமாட்டாள் என்பது என் கணக்கு.

கொஞ்ச நாள் ஒழுங்காகப் போனது. பிறகு காலையில் பிளாஸ்டரை எடுத்தாலே அழத் தொடங்கினாள். சில நாள் பிளாஸ்டர் இல்லாமலே வீட்டுக்கு வருவாள். கேட்டால், "வேர்வையில கழண்டு போச்சி" என்பாள். அவள் வாப்பா, என் கணவர், கத்தாரில் வேலை. அவர் போன் கோல் எடுத்து, "புள்ளைய ஏசாத" என்பார். அங்கே இருந்துகொண்டு சொல்வது சுகம்தான். அந்தக் கண் போனால் போனதுதானே என்ற பயம் ஒவ்வொரு காலையும் என் வாயில் ஏச்சாகத்தான் வந்தது.

போதாததற்கு, பள்ளிக்கூடம் விட்டதும் மற்றப் பிள்ளைகள் ஓடிவர, இவள் மட்டும் வாசலில் நட்ட கம்பு மாதிரி நிற்பாள். "எவ்வளவு நேரம் இந்த வெயில்ல நிக்கிற? கெதியா வா புள்ள!" என்று நான் சத்தம் போட்டால்தான் அசைவாள். வகுப்பில் யாரோ பிளாஸ்டரைப் பார்த்துக் கேலி செய்கிறார்கள், அதுதான் பிள்ளை இப்படி வாடிப்போய் வருகிறாள் என்று நினைத்தேன். டீச்சரிடம் போய் முறைப்பாடும் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பக் காட்டப் போன அன்று கிளினிக்கில் எழுத்துகளைக் காட்டி வாசிக்கச் சொன்னார்கள். எதிர்பார்த்த அளவுக்கு முன்னேற்றம் இல்லை. "பிளாஸ்டர் ஒழுங்கா ஒட்டுறீங்களா?" என்று பெரிய டொக்டர் கேட்டார். "ஓம் டொக்டர், ஓம்" என்றேன். அவர் எங்களைப் பக்கத்து அறையில் இருந்த இளம் பெண் டொக்டரிடம் அனுப்பினார்.

அந்த டொக்டர் மேசையில் மூன்று மட்டைகளை வைத்தார். ஒன்றில் சிரித்த முகம், ஒன்றில் அழுகை முகம், மற்றதில் இரண்டுமில்லாத முகம். கேட்கக் கேட்க மகள் ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டவேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது எப்படி என்பது முதல் கேள்வி.

"அது இவக்குக் கொஞ்சம் கஷ்டம் டொக்டர்" என்றேன் நான்.

"அம்மா, நீங்க கொஞ்சம் பொறுங்க. கண் எவ்வளவு தூரம் பாக்குதெண்டு எங்களுக்கு அளக்கலாம். அந்தக் கண்ணோட பிள்ளை எப்பிடி இருக்கிறாவெண்டு பிள்ளைதான் சொல்லணும்."

அடுத்த கேள்விக்கும் என் வாய் தானாகத் திறந்தது. டொக்டர் சிரித்துக்கொண்டே சுவரோரக் கதிரையைக் காட்டினார். போய் இருந்தேன்.

கரும்பலகைக்கு இரண்டுமில்லாத முகம். கூட்டாளிமாருக்குச் சிரித்த முகம். "அவங்க என்ட பிளாஸ்டர்ல பூ கீறித் தாற" என்றாள். எனக்கு, வீணாக என் முறைப்பாட்டைக் கேட்ட டீச்சரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"அப்ப எந்த நேரம் அழுகை முகம்?"

மகள் யோசித்தாள். பிறகு அழுகை முகத்தில் விரலை வைத்து, "பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு" என்றாள்.

பள்ளிக்கூடம் விடுவதற்கு அழும் பிள்ளை உலகத்தில் எங்கே இருக்கிறது?

"ஏன் மகள்?"

"எல்லா உம்மாமாரும் கறுப்பு."

மத்தியானம் அந்த வாசலில் தாய்மார் நாங்கள் எல்லாரும் உடம்பு முழுக்க மூடும் கறுப்பு ஹபாயாவில்தான் நிற்போம். என்னைப் போல முகத்தை மூடியவர்களும் நிறையப் பேர். மற்றப் பிள்ளைகள் நடையைப் பார்த்து, கண்ணைப் பார்த்துத் தங்கள் உம்மாவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நல்ல கண்ணை நான் மூடி அனுப்பிய பிள்ளைக்கு அங்கே நின்றது ஒரு கறுப்புக் கூட்டம் மட்டும்தான்.

"அப்ப உம்மாவ எப்பிடிக் கண்டுபிடிப்பீங்க?"

"அசையாம நிப்பன். உம்மா ஏசுவாங்க. ஏசின உடன அந்தப் பக்கம் ஓடிருவன். சிலநேரம் பயம் வந்தா பிளாஸ்டரக் கழட்டிப் பாப்பன்." பிறகு அவளாகவே சொன்னாள்: "ஒரு நாள் வேற உம்மாட கையப் புடிச்சிட்டன். அவங்க ஏசல்ல, சிரிச்சாங்க. அப்பதான் என்ட உம்மா இல்லையெண்டு வெளங்கிச்சி."

டொக்டர் சிரிக்கவில்லை. நான் முகத்தை மூடியிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பள்ளிக்கூடத்துக்குப் பிளாஸ்டர் வேண்டாம், வீட்டில் என் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் ஒட்டுங்கள் என்று முடிவானது. டியூஷன் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று நானும் அங்கேயே தீர்மானித்தேன். பிறகு கண்ணாடி நம்பரைத் திரும்பப் பார்க்க மகளுக்கு இரண்டு கண்ணிலும் மருந்து விட்டு, வெளியே ஆட்கள் காத்திருக்கும் நீள வாங்கில் இருத்தினார்கள். நான் மருந்து கொடுக்கும் இடத்தில் புதுப் பிளாஸ்டர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது வாங்கு முழுவதும் கறுப்பு ஹபாயாக்கள், நடுவில் அவள். மருந்தில் கண் கூசி, பார்வை மங்கி, தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

"மகள்" என்று கூப்பிட்டேன். ஏச்சு வராமல், மெதுவாக.

அவள் அசையவில்லை.

இன்னொரு தரம் கூப்பிட்டேன். தலையைத் தூக்கி, சத்தம் வந்த பக்கம் பார்த்தாளே தவிர, எழும்பவில்லை. கிட்டப் போய்க் குந்தி அவள் கையைப் பிடித்தேன். என் விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "உம்மாவா?" என்று கேட்டாள்.

அந்தக் கண்ணில் இப்போது முன்னேற்றம் இருக்கிறது. முழுசாக வருமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, என் பயமும் போகவில்லை. ஆனால் தினமும் பள்ளிக்கூட வாசலில், அவள் என்னைத் தேடத் தொடங்குவதற்கு முன்பே, பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். ரோட்டில் சத்தம் போடக் கூச்சப்படும் ஆள்தான் நான். ஏசாத குரலிலும் என் பிள்ளை என்னை அடையாளம் காணவேண்டும் என்ற ஆசை அந்தக் கூச்சத்தை விடப் பெரிதாக இருக்கிறது.