பதினான்கு வாக்குள்ள விடுதி

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் அகதி விடுதியின் பொது அறையில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. எண்பத்து நான்காம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவை அதில்தான் பார்த்தோம். வரைபடம் முழுக்க ஒரே நிறம். தோற்றவருக்கு ஒரு மாநிலமும் தலைநகரமும் மட்டுமே கிடைத்திருந்தன.

"பத்துப் பேரில நாலு பேர் இவருக்குப் போட்டிருக்கினமாம். பிறகேன் படத்தில ஆளையே காணேல்லை, அண்ணை?"

கேட்டவர் என் அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்த மன்னார்க்காரர். என்னிலும் பதினைந்து வயது இளையவர். விடுதியில் ஜெர்மன் செய்தி விளங்கியது அவருக்கு மட்டும். வைத்தியரிடம் போகவேண்டியவர்களையும் அலுவலகத்துக்குப் போகவேண்டியவர்களையும் அவர்தான் கூட்டிக்கொண்டு போவார்.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், தேர்தல் பிரிவில் பதினாறு வருடம் இருந்தவன். ஜெர்மனிக்கு வந்து ஒரு வருடமாக என்னிடம் எவரும் எந்த நடைமுறையும் கேட்டதில்லை. ஆகவே அன்று ஒரு மணி நேரம் பேசினேன். மக்கள் போடும் வாக்கு நேரே அதிபருக்குப் போவதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் வாக்கு என்று இருக்கிறது. இரண்டு சபைகளிலும் அதற்கு எத்தனை ஆசனமோ அத்தனை. தலைநகரத்தின் மூன்றையும் சேர்த்து மொத்தம் ஐந்நூற்று முப்பத்தெட்டு; இருநூற்று எழுபது எடுத்தவர் அதிபர். ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும், ஒரு வாக்காவது அதிகமாக எடுத்தவருக்கே அந்த மாநிலத்தின் முழு வாக்கும். எந்த மாநிலத்துக்கு எத்தனை என்பதைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் குடிசன மதிப்பு தீர்மானிக்கும்.

"அப்ப கனக்கச் சனம் விரும்பின ஆளும் தோக்கலாம்?"

"தோக்கலாம். தோத்தும் இருக்கினம்."

"நல்ல சட்டம்தான்," என்று சிரித்தார். அந்தச் சட்டத்தை நானே எழுதியதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வசந்தத்தில் எங்கள் தமிழர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. உறுப்பினர்கள் மூன்று ஊர்களில் மூன்று விடுதிகளில் இருந்தார்கள். அகதி விண்ணப்பம் போட்டவர் அனுமதிச் சீட்டில்லாமல் தன் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்ற காலம் அது. எல்லோரும் எசனுக்கு வந்து கையுயர்த்த வழியில்லை. முந்தைய முறை எசன்காரர் மட்டும் கையுயர்த்தி முடித்ததில் மற்ற இரண்டு விடுதிகளும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தன. ஒரு வழி சொல்லும்படி என்னைக் கேட்டார்கள்.

கேட்டிருக்கக்கூடாது. ஒரே மதியத்தில் பதினொரு பிரிவுகளில் விதி எழுதினேன். ஒவ்வொரு விடுதியும் தனக்குள் வாக்கெடுக்கும். சனவரி மாத உறுப்பினர் பட்டியலில் அந்த விடுதியில் எத்தனை பேரோ, அத்தனை தேர்வாளர் வாக்கு. விடுதியில் வென்றவருக்கு அவ்வளவும். முடிவை மூடிய உறையில் வைத்து, அனுமதிச் சீட்டு எடுத்த ஒருவர் எசனுக்குக் கொண்டுவருவார். எங்கள் விடுதிக்கு முப்பது, இரண்டாவதற்கு இருபத்திரண்டு, மூன்றாவதற்குப் பதினான்கு. அமெரிக்காவைச் சுருக்கி மூன்று சமையலறைகளுக்குள் அடக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். மற்றவர் மன்னார்க்காரர். பதவி ஆசை இல்லாத மனிதர் ஏன் நிற்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். அவருடைய மனைவி அவருக்குப் பிறகு வந்தவர். கோயிலில் கொடுத்த கலியாணப் பத்திரத்தை ஜெர்மன் அலுவலகம் ஏற்கவில்லை. ஆகவே அவரைத் தனி ஆளாகப் பதிந்து இன்னொரு மாவட்டத்து விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பார்க்கப்போக ஒவ்வொரு முறையும் விண்ணப்பம், ஒவ்வொரு முறையும் டெர்மின் என்று அலுவலகம் குறிக்கும் நாளுக்காகக் காத்திருப்பு. சங்கத் தலைவருக்கு மட்டும், சங்க வேலைக்கென்று, எல்லா மாவட்டங்களுக்கும் போய்வர ஒரு வருட அனுமதி கொடுக்க அலுவலகம் சம்மதித்திருந்தது.

"தலைவரானா ஒவ்வொரு சனியும் பிள்ளையைப் பாத்திட்டு வரலாம், அண்ணை. சனத்திட்டை இதைச் சொல்லிக் கேக்கட்டோ?"

"சொல்லாதையும். சொந்தத் தேவைக்குப் பதவி கேக்கிறார் எண்டு கதைப்பினம். வேட்பாளருக்கு அது அழகில்லை."

"நீங்கள் சொன்னாச் சரி," என்றார். சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் தேவாலய மண்டபத்தில் எண்ணினோம். எங்கள் விடுதியில் மன்னார்க்காரருக்கு இருபத்தாறு, வாத்தியாருக்கு நான்கு. முப்பதும் மன்னார்க்காரருக்கு. இரண்டாவது விடுதியில் வாத்தியாருக்குப் பன்னிரண்டு, இவருக்குப் பத்து. இருபத்திரண்டும் வாத்தியாருக்கு. மூன்றாவது உறையைக் கொண்டுவந்த பெடியன் அதை என் கையில் தரும்போதே குனிந்து சொன்னான்.

"அண்ணை, எங்கட விடுதியில இப்ப நாலு பேர்தான். மிச்சப் பத்துப் பேரும் போன மாசம் பாரிசுக்குப் போயிட்டினம்."

எனக்கு அது புதுச் செய்தியல்ல. போனவர்களில் இருவருக்கு நானே கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"பட்டியல் சனவரியோட மூடியாச்சு. அமெரிக்காவில பத்து வருசத்துக்கு மாத்த மாட்டாங்கள், தெரியுமோ?"

"அமெரிக்காவில ஆக்கள் பாரிசுக்கு ஓடுறேல்லையே," என்றான். முன் வரிசையில் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் உறையைக் கிழித்தேன். வாத்தியாருக்கு மூன்று, மன்னார்க்காரருக்கு ஒன்று. மூன்று பேர் விருப்பத்துக்குப் பதினான்கு வாக்கு. வாத்தியார் முப்பத்தாறு, மன்னார்க்காரர் முப்பது.

தலைகளை எண்ணினால் இவருக்கு முப்பத்தேழு பேர், வாத்தியாருக்குப் பத்தொன்பது. மண்டபம் ஒரு நிமிடம் இரைந்தது. பிறகு எல்லோரும் மன்னார்க்காரரைப் பார்த்தார்கள். மீண்டும் எண்ணச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் என்னைப் பார்த்தார்.

"விதி எழுதினது அண்ணை. அண்ணை சொல்லட்டும்."

அந்த விடுதிக்கு இப்போது நான்கு வாக்குத்தான் என்று நான் சொல்லியிருந்தால், முப்பதுக்கு இருபத்தாறு என்று அவர் வென்றிருப்பார். எழுதிய விதியை எண்ணும் மேசையில் மாற்றக்கூடாது என்பது கச்சேரியில் நான் கற்றது. வாத்தியார் வென்றார் என்று அறிவித்தேன். குரல்கூடத் தடுமாறவில்லை.

வாத்தியார் அந்த ஒரு வருட அனுமதியை இரண்டு முறை பயன்படுத்தினார். இரண்டும் கலியாண வீடு. பல மாதம் கழித்து விஷயத்தைக் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தார்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே விலகியிருப்பனே. ஏன் ஐசே மறைச்சனீர்?"

வேட்பாளரின் அழகு பற்றிச் சொல்லாமல் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்குள் மன்னார்க்காரர் ஒருநாள் அனுமதிச் சீட்டில்லாமல் ரயிலேறிப் பிடிபட்டிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று மனைவி தொலைபேசியில் சொன்ன நாள் அது. அதன் பிறகு அவருடைய விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மறுப்புக் கடிதங்களுக்கெல்லாம் நான்தான் மேன்முறையீடு எழுதினேன். நல்ல மேன்முறையீடுகள், பந்தி பந்தியாகச் சட்டம் காட்டியவை. ஒன்றும் அசையவில்லை. அடுத்த தேர்தலுக்கு முன் என் விதியைத் திருத்தினேன்: உறுப்பினர் கணக்கை வாக்கெடுப்பு நாளிலேயே எடுக்கவேண்டும். ஒரே வரி. எழுத இரண்டு நிமிடம் பிடித்தது. அந்த முறை நிற்கும்படி அவரைக் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார்.

கலியாணப் பத்திரம் ஏற்கப்பட்டுத் தாயும் பிள்ளையும் எசனுக்கு வர மேலும் ஒரு வருடம் சென்றது. பெட்டி தூக்க உதவிக்கு மன்னார்க்காரருடன் நானும் ரயில் நிலையத்துக்குப் போனேன். பிள்ளை நன்றாக நடந்தாள், கதைத்தாள். இறங்கியதும் தாயின் சேலைக்குப் பின்னால் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆர் வந்திருக்கிறது, சொல்லு பாப்பம்," என்றார் தாய்.

"மாமா," என்றாள் தகப்பனைக் காட்டி. பிறகு என்னைக் காட்டி, "மாமா."

தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னார்க்காரர் குனிந்து பெட்டியைத் தூக்கினார். தூக்குவது என் வேலை என்று நான் கை நீட்டினேன், விடவில்லை.

"விடுங்கோ அண்ணை. பழகீடுவாள்."