லெட்சுமணனின் கட்டைவிரல்

வலது கையுறையின் மணிக்கட்டை ராஃபியா கயிற்றால் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இறுக்குகிறார். பிறகு நீச்சல் கண்ணாடி. அதற்கு மேல் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம். இத்தனையும் முடிந்த பிறகுதான் லெட்சுமணன் பாராங் கத்தியைத் தொடுவார். பார்ப்பவர்களுக்கு, மனிதர் வெடிகுண்டு அகற்ற வந்திருக்கிறார் என்று தோன்றும். எதிரே நிற்பது ஒரு மரம்.

கோத்தா திங்கியில் அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் இறால் பண்ணையில் கரையைச் செடி கொடி இல்லாமல் வைத்திருப்பது அவர் வேலை. கரைக்கு அந்தப் பக்கம் சதுப்புநிலக் காடு. சேற்றில் கால் ஊன்றி நிற்கிற பாக்காவ் மரங்களோடு அவருக்கு வம்பு எதுவும் இல்லை. அவருடைய எதிரி கரையை ஒட்டியே முளைக்கிறது, கடல் பெரிதாக ஏறும்போது மட்டும் உப்புத்தண்ணீர் வந்து தொட்டுவிட்டுப் போகிற இடமாகப் பார்த்து. வேர்கள் சேற்றின் மேலேயே நெளிந்து கிடக்கும். உதிரப்போகும் இலைகள் சிவந்து, பார்க்க அழகாகவே இருக்கும். மலாய்க்காரர்கள் இதைப் 'புத்தா புத்தா' என்கிறார்கள். புத்தா என்றால் குருடு. எங்கே கீறினாலும், ஓர் இலையைக் கிள்ளினாலும்கூட, வெள்ளையாகப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். சிலருக்குத் திரும்பி வரும்.

நம்முடைய தில்லை மரம்தான் இது, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே இதனால்தான் என்று ஒருநாள் என் அறிவைக் காட்டினேன்.

"சாமி மரம்னா கும்புட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கணும் தம்பி. கத்தி வெக்கலாமா லா?" என்றார். மறுநாளிலிருந்து பாராங்கை எடுக்கும் முன் ஒரு கும்பிடும் சேர்ந்துகொண்டது. எனக்கு இது தேவைதான்.

பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடவும் முடியாது. அதே கரையில் முதலை நடமாட்டம் என்று அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். அதன் கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் நாசி லெமாக் சாப்பிடுவார். "முதல கடிச்சா பேப்பர்ல போடுவான். இது ஒரு சொட்டுதான் லா. யாருக்குத் தெரியும்?" மழை ஓய்ந்த நேரத்தில் தில்லைக்கு அடியில் நடக்க மாட்டார், இலையிலிருந்து சொட்டும் தண்ணீரில் பால் கலந்திருக்குமாம். வெட்டிய கிளையை எரிக்கவும் விடமாட்டார், புகையும் கண்ணைப் பிடுங்கும். அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பக்கம் காற்றடித்தால் எனக்கும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆனாலும் அவருடைய பெரிய பயம் வேறு. லாயாங் லாயாங் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பரை அழித்துச் செம்பனை நடும்வரை பால்மரம் சீவியவர். வடிகிற பாலைக் கண்டால் கட்டைவிரல் தானாகப் போய்த் துடைக்கும். ஆள்காட்டி விரலோடு சேர்த்து உருட்டிப் பார்க்கும். பண்ணைக்கு வந்த புதிதில் தில்லைப் பாலையும் அப்படியே உருட்டிவிட்டு, முகத்து வியர்வையைத் துடைத்தார்.

"நெருப்ப அள்ளிப் போட்ட மாதிரி. அப்புறம் ஒன்னுமே தெரியல. ஷாமளா கையப் புடிச்சித்தான் பாத்ரூமுக்கே போனேன். மரம் சும்மாதான் நிக்குது தம்பி. என் கைதான் சொன்ன பேச்சு கேக்காது."

அதனால்தான் கையுறைக்குக் கயிறு. பார்வை திரும்பியது அவர் அதிர்ஷ்டம்.

இப்போது அந்தப் பயம் இரட்டிப்பாகியிருக்கிறது. மனைவி ஷாமளாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மகள் விடிவதற்குள் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறாள். மதியச் சொட்டு மருந்து விடுவது லெட்சுமணன்தான். கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்தால்தான் சொட்டு உள்ளே விழும்.

போன வாரம் நானும் அவரோடு கரைக்குப் போயிருந்தேன். காற்றில் முறிந்த தில்லைக் கிளை ஒன்று பாதையை மறித்துத் தொங்கியது. அவர் வெட்டினார், நான் ஓரமாக இழுத்துப் போட்டேன். வெட்டுவாயில் பால் திரண்டது. அவர் கட்டைவிரல் போனது. துடைத்தது. உருட்டியது. அப்போதுதான் இருவரும் பார்த்தோம், கையுறையின் நுனி கிழிந்திருந்தது.

"அலமாக்" என்று பதறினார், சத்தமே வராமல்.

பண்ணைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த விரலை மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் படாமல் தூக்கியே வைத்திருந்தார். வீட்டில் தேங்காய் எண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்பு, மறுபடியும் எண்ணெய், மறுபடியும் சோப்பு. தோல் சிவந்துவிட்டது. தேய்த்துத் தேய்த்து இடது கையிலும் ஒட்டியிருக்குமோ என்ற சந்தேகம் வேறு.

ஷாமளா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்துக் காத்திருந்தார். "நேரமாச்சுங்க. டாக்டர் தள்ளிப் போடக் கூடாதுன்னாரு."

"நான் விடட்டுமா அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் என் கைகளைப் பார்த்தார். புழுக்கம் தாங்காமல் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் கிளையை இழுத்தவன் நான். கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

லெட்சுமணன் விரலை முகர்ந்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போயிருக்கும்ணே" என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"என்னங்க பண்றீங்க அங்க?"

"இதோ வந்துட்டேன்மா."

ஜன்னல் பக்கம் திரும்பினார். தன் கீழிமையை இழுத்து, அந்தக் கட்டைவிரலைக் கண்ணுக்குள் வைத்து அழுத்தினார். பிறகு இமைக்காமல், வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஷாமளாவின் சேலையைப் பார்த்தபடியே நின்றார்.