லாசரஸ் வாசிக்காத ஓலை

தாம்பரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே போக ரயில்வே கேட்டில் நின்றவர்களில் லாசரஸைத் திட்டாதவர் யாரும் இருக்க முடியாது. நானே திட்டியிருக்கிறேன், அதுவும் கேட்டுக்குப் பக்கத்திலேயே சைக்கிள் கடை வைத்துக்கொண்டு. கேட்டை மூடினால் ரோட்டில் நிற்பவன் திட்டுவான். திறக்கக் கொஞ்சம் அவசரப்பட்டால் ரயில்வேக்காரன் வேலைக்கு உலை வைப்பான். இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொண்டு, பல்லைக் காட்டியபடி நிற்பான் லாசரஸ். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு நாள், ரயில் போன பிறகும் கேட்டைத் திறக்க மறந்துவிட்டான். அறுபத்தேழாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில்.

அவனுக்கு ஒரு அக்கா, ஒரு தங்கை. அக்கா ரத்தினபாய் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பி தங்கை இரண்டு பேரையும் குளிப்பாட்டிப் படிக்கவைத்தது அவர்தான். அதில் அவருக்கு முப்பத்தொன்பது வயதாகிவிட்டது, கலியாணம் ஆகவில்லை. தங்கை கிருபா பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். மின்சார ரயிலில் தினமும் போய்வந்ததில் பல்லாவரத்து டிரில் மாஸ்டர் தனசிங்கோடு பழக்கமாகிவிட்டது. எந்தப் பெட்டியில் என்பதுகூட எனக்குத் தெரியும், ஆனால் அது வேண்டாம்.

மாப்பிள்ளை வீட்டார் முறையாக வந்து கேட்டார்கள். லாசரஸ் சரி என்றான். ரத்தினபாய் டீச்சர் காபி கொண்டுவந்து வைத்து, "நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைதான் லாசரஸின் தூக்கத்தைக் கெடுத்தது.

காரணம் இருந்தது. அவர்கள் அப்பா சத்தியநாதன் அறுபத்தொன்றில் சாகக் கிடந்தபோது லாசரஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவளை வூட்ல வெச்சிக்கினு சின்னவள அனுப்பிடாதடா" என்று வாக்கு வாங்கிக்கொண்டார். டீச்சர் அப்போது சோடா வாங்கப் போயிருந்தார். அறையில் இருந்தது லாசரஸும் நானும்தான். இந்தச் செய்தி பின்னால் டீச்சர் காதுக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கடைக்கு நாலு பேர் வருவார்கள், பேச்சு என்று ஒன்று இருக்கும்.

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று சபையைக் கேட்பது. மூன்று தடவை வாசிக்காமல் பாதிரியார் தாலியைக் கையில் எடுக்கமாட்டார். அவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்தி அறிவிப்பு வாசிப்பவன், வேறு யார், லாசரஸ்தான்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை கலியாணம் என்று பேச்சு. ஈஸ்டரையும் சேர்த்து ஆறு ஞாயிறு இருந்தது. முதல் ஞாயிறு லாசரஸ் மேடையில் நின்று ஓலைச் சீட்டைப் பையிலிருந்து எடுத்தான், பார்த்தான், திரும்ப வைத்துக்கொண்டான். அதற்குப் பதிலாக, அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த காய்களை ஏலம் விட்டபோது பூசணிக்காய் எடுத்தவர் இன்னும் கொண்டுபோகவில்லை என்ற அறிவிப்பை இரண்டு தடவை வாசித்தான். அந்தப் பூசணிக்காயை எடுத்தவன் நான். கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டாம் ஞாயிறு கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்து, தொண்டை கட்டிவிட்டது என்று சபைப் பெரியவர் ஏசுதாசனிடம் அறிவிப்புப் புத்தகத்தைக் கொடுத்தான். அவர் கையில் வந்ததை எல்லாம் வாசித்தார், ஓலைச் சீட்டு அதில் இல்லை. மூன்றாம் ஞாயிறு டூட்டியை மாற்றிக்கொண்டு கோயிலுக்கே வரவில்லை.

பல்லாவரம் கோயிலில் அவர்கள் பக்கத்து ஓலை மூன்றும் முடிந்துவிட்டது. இங்கே முடியாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று தனசிங்கின் அப்பா சொல்லி அனுப்பினார். மிச்சம் மூன்றே ஞாயிறு. ஒன்று தவறினாலும் கிருபாவின் கலியாணம் போயிற்று.

திங்கட்கிழமை காலை கிருபா ஆபீசுக்குப் போகிற வழியில் கேட்டில் நின்றாள். "அண்ணா, உனக்கு இஷ்டமில்லேன்னா நேரா சொல்லிடு. வாரத்துக்கு ஒரு பூசணிக்காய்க் கதை கொண்டுவராத" என்றாள். சிரிக்கவில்லை. சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

லாசரஸ் என் கடைக்கு வந்து கவிழ்த்துப் போட்ட டப்பாவில் உட்கார்ந்தான்.

"இன்னாண்ணே பண்றது? வாசிச்சா அக்காவ நாலு பேர் முன்னால நிக்கவெச்சி அவமானப்படுத்தின மாதிரி. வாசிக்கலேன்னா சின்னதோட வாழ்க்கை போச்சி. அப்பா வேற கனவுல வந்து மொறைக்கிறாரு."

"அக்காவக் கேட்டியா?"

"எப்படிண்ணே கேக்கறது? உனக்கு இனிமே ஆவாது, வழிய விடுன்னா?"

ஊர் என்ன சொல்லும் என்றும் பயந்தான். அக்காவின் உழைப்பில் வளர்ந்துவிட்டு அவளை மூலையில் உட்காரவைத்துவிட்டான் என்று பேசுவார்களாம். தாம்பரத்தில் ஊர் என்றால் முக்கால்வாசி நான்தான். எனக்கே கொஞ்சம் உறுத்தியது.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் குடையோடு வந்தார். கூட்ஸ் வண்டிக்காகக் கேட் மூடியிருந்தது. வழக்கமாகப் பக்கத்துச் சின்ன வழியில் நுழைந்து போய்விடுகிறவர், நேராகக் கேட்டோரத்தில் லாசரஸ் இருக்கும் காவல் குடிசைக்கு எதிரே போய் நின்றார். நான் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். காதை எங்கே வைத்துக்கொள்ள முடியும்?

"சீட்டு எங்கடா?"

லாசரஸ் சட்டைப் பையைத் தொட்டான்.

"அப்பாவுக்கு வாக்கு குடுத்துட்டேன்கா."

"அப்பா உன்னைக் கேட்டாரு, நீ குடுத்த. என்னைப் பத்தின வாக்கு, என்னை யாராவது கேட்டீங்களா? நான் என்ன உன்னோட ரயில்வே கேட்டா? என்னைத் தூக்கினாத்தான் அவ போகணுமா?"

"உனக்கு மனசு கஷ்டப்படும்னுதான்…"

"படும்" என்றார் டீச்சர். "படாதுன்னு யார் சொன்னா? எனக்கும் ஒரு காலத்துல ஆசை இருந்துது. இப்ப இல்ல. ஆனா அவ வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு நிக்கறப்ப எனக்கு ஒண்ணுமே இருக்காதுன்னு சொன்னா அது பொய். அழுவேன். மூணு நாள் அழுதுட்டு எழுந்திருப்பேன். அது என் அழுகைடா. அதையும் நீ எதுக்குப் பையில போட்டுக்கிட்டுத் திரியற?"

கூட்ஸ் வண்டி நாற்பது ஐம்பது பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனது. அது போன பிறகும் லாசரஸ் கீழே பார்த்தபடி நின்றான். லாரிக்காரன் ஆரன் அடித்து, "இன்னா நைனா, தூங்கறியா?" என்று கத்திய பிறகுதான் கேட் மூடியிருப்பது எங்கள் மூன்று பேருக்கும் நினைவு வந்தது.

அவன் ஓடிப்போய்க் கேட்டைத் தூக்கிவிட்டு வந்தான். டீச்சர் குடையை விரித்துக்கொண்டே இன்னொன்றையும் சொன்னார். வீட்டில் கலியாணம் என்றால் கலியாணமாகாத மூத்த பெண்ணை அத்தை வீட்டுக்கு அனுப்பிவைக்கிற வழக்கம் தன்னிடம் நடக்காது, பத்திரிகையில் அழைப்பவர் பெயராகத் தன் பெயர்தான் இருக்க வேண்டும் என்றார். சரி என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலில் ஆறு வருஷத்துப் பாரம் இறங்கியது என்று எழுத ஆசைதான். ஆனால் அவன் முகம் இன்னும் கலங்கித்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தான். "ஆட்சேபணை உள்ளவர்கள்" என்ற இடம் வந்ததும் சபை முழுவதும் முதல் பெஞ்சில் இருந்த டீச்சரைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்து நின்று, பின்னால் திரும்பி, வருகைப் பதிவு எடுப்பதைப் போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். தலைகள் பட்டென்று பாட்டுப் புத்தகத்துக்குள் போயின. ஓலை மூன்று ஞாயிறும் தவறாமல் வாசிக்கப்பட்டது.

பத்திரிகையைப் பார்த்துச் சித்தப்பா ஒருவர், ஆம்பிளை இருக்கும்போது பொம்பிளை பெயரா என்று குதித்தார். அவர் வரவில்லை. அவரைத் தவிர எல்லோரும் வந்தோம். கிருபா கோயிலுக்குக் கிளம்பும்போது அக்கா அண்ணன் இரண்டு பேர் காலிலும் விழுந்தாள். முதலில் அக்கா காலில்.

கலியாணத்துக்கு மறுநாளிலிருந்து ரத்தினபாய் டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டார். பதினேழு வருஷத்தில் முதல் தடவை. முதல் நாள் லாசரஸ் கேட்டில் நிலைகொள்ளாமல் நின்றான். ஆள் மாற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டுமா என்று என்னைக் கேட்டான்.

"மூணு நாள்னு அவங்களே சொன்னாங்கல்ல" என்றேன். "நீ போயி இன்னா பண்ணப் போற? அந்த அழுகையையும் வாங்கிப் பையில வெச்சிக்கவா?"

அவன் போகவில்லை. மத்தியானம் சாப்பாடும் இறங்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே ஓடியது. மூன்றாம் நாள் பாதி சாப்பிட்டான்.

நாலாம் நாள் காலை, டீச்சரின் குடை வந்தது. கண் கொஞ்சம் வீங்கியிருந்தது, நடை பழைய நடைதான். கேட் திறந்தே இருந்தது. தம்பியிடம், சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடு என்றார். பிறகு என் கடைப் பக்கம் திரும்பினார்.

"கோயில்ல உங்க பூசணிக்காய் அழுகப்போகுது. எப்ப எடுத்துக்கிட்டுப் போவீங்க?"

அன்றைக்கே போய் எடுத்து வந்தேன்.