மேட்டில் அகப்பட்ட பேணி

கார்த்திகைப் புயலுக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுக்க வந்தவர்களில் அமராவதியைத்தான் ஊர் முதலில் சந்தேகப்பட்டது.

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குளத்துக்குக் கீழே இருக்கும் குடியேற்றம் அது. புயலோடு குளம் நிரம்பி வான்பாய்ந்து பள்ளத்து வீடுகளையெல்லாம் சரித்துவிட்டுப் போயிருந்தது. மேசன் ஜனகனும் அயலூர் ஆட்கள் சிலரும், வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அனுப்பிய சீமெந்தையும் தகரத்தையும் கொண்டு ஒவ்வொரு வீடாக எழுப்பத் தொடங்கினார்கள். மற்றவர்கள் கல் சுமந்தார்கள், சாந்து குழைத்தார்கள். அமராவதி மட்டும் அத்திவாரம் வெட்டும் இடத்தில் முழங்காலில் இருந்து, மெல்லிய கம்பியொன்றைச் சரிவாக மண்ணில் இறக்கி இறக்கிப் பார்த்தாள். அவள் தலையசைத்த பிறகுதான் மண்வெட்டி விழவேண்டும். அது ஜனகனுக்கும் அவளுக்கும் இடையிலான ஒப்பந்தம்.

அவள் பல வருடங்கள் கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் வேலை செய்தவள். அதைப் பெரிய தியாகமாக ஒருபோதும் சொன்னதில்லை. "மாதம் முடியச் சம்பளம் வந்தது, போனன்" என்பாள். அவளுடைய தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு மாங்குளத்தில் வந்து கூலிக்கு நின்றவர். அமராவதி பிறந்ததும் வளர்ந்ததும் வன்னியில்தான். நிறுவனம் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகும் நிலத்தை நம்பாத குணம் அவளிடம் தங்கிவிட்டது. புல் முளைக்காத ஒரு துண்டு நிலத்தைக் கண்டால் நின்று பார்ப்பாள். வெள்ளம் எங்கெங்கோ இருந்து மண்ணை அள்ளிவந்து போட்டிருக்கிறது, அதோடு வேறென்ன வந்ததோ என்பது அவளுடைய பயம்.

ஊருக்கு வேறு பயம். இடம்பெயர்ந்தபோது சனம் நகைகளைத் தகரப் பேணியில் போட்டுப் புதைத்துவிட்டு ஓடியது எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்து எடுத்தவர்களும் உண்டு, வெறும் குழியைக் கண்டவர்களும் உண்டு.

"உவள் வெடியோ தேடுறாள்?" என்று கடையடியில் கதைத்தார்கள். "சும்மா ஒருத்தி வந்து வெயிலுக்குள்ளை மண்ணைக் குத்திக்கொண்டு இருப்பாளோ? அதுவும் தோட்டத்துச் சனம்."

இந்தக் கதை அமராவதியின் காதுக்கும் வந்தது. அவள் கம்பியைத் துடைத்துக்கொண்டு அடுத்த வளவுக்குப் போனாள்.

அடுத்த வளவு கனகலிங்கத்தினுடையது. வடமராட்சியிலிருந்து வந்து நீர்ப்பாசனக் காணியில் குடியேறிய குடும்பம். அவரும் மனைவி விமலேஸ்வரியும் வீடு இடிந்த நாளிலிருந்து தகரக் கொட்டிலில் இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் நல்ல மேடு இருந்தது. வெள்ளம் தொடாத இடம்.

"ஐயா, பள்ளத்திலை திரும்பவும் கட்டினால் அடுத்த மாரிக்கும் இதே கதைதான்" என்றான் ஜனகன். "மேட்டிலை கட்டுவம்."

"மேட்டிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்றார் கனகலிங்கம்.

காரணம் சொல்லவில்லை. அமராவதி மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். இப்படி ஓர் இடத்தைத் தொடவேண்டாம் என்று சொன்ன ஆட்களை அவள் முன்பும் கண்டிருக்கிறாள். ஆயுதங்களைப் புதைத்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தவர்கள். தனியே இருந்த நேரம் பார்த்து அவரிடம் கேட்டாள்.

"ஐயா, மேட்டிலை ஏதும் கிடக்கோ? சண்டைக்காலத்துச் சாமான் ஏதும்? இருந்தால் சொல்லுங்கோ. மண்வெட்டி போடேக்கை ஆரும் சாகக்கூடாது."

"உனக்கேன் அந்த விசாரணை?" கனகலிங்கத்தின் முகம் சிவந்தது. "நீ எதைத் தேடி வந்தனியெண்டு எனக்குத் தெரியாதே?"

கடைசியில் விமலேஸ்வரிதான் முடிவு சொன்னாள். மேட்டில் கட்டாவிட்டால் தான் கொட்டிலிலேயே கிடந்து சாவதாகச் சொன்னாள். கனகலிங்கம் அரைமனதாக ஒத்துக்கொண்டார். ஆனால் வேலை நடக்கும் நேரமெல்லாம் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, அமராவதியின் கைகளைப் பார்த்தபடி இருந்தார். அவள் தண்ணீர் குடிக்க எழும்பினால் அவரும் எழும்பினார். அவள் அவருடைய கண் எந்த மூலைக்குப் போகிறது என்று கவனித்தாள்.

அவர் அடிக்கடி பார்த்த அந்த மூலைக்கு அண்மையில்தான் கம்பி எதிலோ முட்டியது.

அவள் கையை உயர்த்தினாள். எல்லாரும் விலகினார்கள். விரலால் மெல்ல மண்ணை வழித்தாள். துருப்பிடித்த வட்ட விளிம்பொன்று தெரிந்தது. அவள் இன்னும் குனிந்தபோது கனகலிங்கம் பாய்ந்து வந்தார்.

"தொடாதேங்கோ ஐயா!"

"அது என்ரை!"

அவள் பிடித்து நிறுத்த முன்பே அவர் அதை இழுத்தெடுத்துவிட்டார். பழைய பால்மாப் பேணி. சத்தம் கேட்டு வளவுக்குள் ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர் மூடியைப் பிய்த்து, உள்ளே இருந்த பொலித்தீன் பொதியை அவிழ்த்தார். உடைந்த ஓட்டுத் துண்டுகள் அவருடைய மடியில் விழுந்தன.

கொஞ்சநேரம் அவற்றைக் கிளறிப் பார்த்தார். பிறகு அமராவதியைப் பார்த்தார்.

"நான் சாப்பிடப் போன நேரம் நகையை எடுத்துப்போட்டு ஓட்டுத் துண்டை வைச்சிட்டாய், என்ன?"

மண் இறுகிக் கிடந்ததையும் மூடி துருவேறி ஒட்டியிருந்ததையும் ஜனகன் எடுத்துச் சொன்னான். யாரும் கேட்கவில்லை. கிராமச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, பிரச்சினை அடங்கும்வரை அமராவதியை வீட்டில் நிற்கச் சொன்னார். அவள் எதிர்க்கவில்லை.

வீட்டில் இருந்து நடந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் அவளுக்கு உறுத்தியது. பேணி என்றதும் பக்கத்து வளவுச் சனம்கூட ஓடி வந்தது. விமலேஸ்வரி மட்டும் அடுப்படியை விட்டு எழும்பவில்லை. தன்னுடைய நகை கிடைத்ததோ என்று பார்க்காத பெண் யார்?

மறுநாள் காலை அவள் நேரே கனகலிங்கத்தின் வளவுக் கிணற்றடிக்குப் போனாள். விமலேஸ்வரி தனியே தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பேணிக்குள்ளை நகை இல்லையெண்டு உங்களுக்கு முதலே தெரியும்."

விமலேஸ்வரி வாளியைக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்தாள்.

"ஓம் பிள்ளை. இடம்பெயரேக்கை நான்தான் ஓட்டுத் துண்டைக் கட்டி, நகையெண்டு அவரிட்டைக் குடுத்தனான். மண்ணுக்குள்ளை தாட்டுப்போட்டுப் போக எனக்கு மனம் வரேல்லை. நகையைப் பாவாடைக்குள்ளை வைச்சுத் தைச்சுக்கொண்டு போனன். மாத்தளனிலை, சண்டைக்குள்ளை, அரிசிக்குக் குடுத்தன். பிறகு மகளுக்குக் காய்ச்சல், பால்மாவுக்குக் குடுத்தன். அவர் நிவாரணம் எண்டு நினைச்சுச் சாப்பிட்டவர்."

"ஏன் அம்மா சொல்லேல்லை?"

"முகாமிலை அவர் சாப்பிடாமல் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தவர். வளவிலை நகை கிடக்கு எண்ட ஒரு நினைப்பிலைதான் எழும்பி ஊருக்கு வந்தவர். வந்து பாத்தால், அடையாளம் வைச்ச பனை இல்லை. ஷெல் விழுந்து போச்சு. வாழைக்குக் கிடங்கு வெட்டுறன் எண்டு வளவு முழுக்க வெட்டினார், மேட்டிலை மட்டும் மண் இறுகல், ஆழம் போகேல்லை. நான் வாழைக்குத் தண்ணி ஊத்தினன்."

அமராவதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நேற்று நான் கள்ளியாய்ப் போனன் அம்மா" என்றாள்.

"அதுதான் இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. வா."

விமலேஸ்வரி ஈரக்கையோடு முன்னே நடந்தாள். மேட்டில் ஜனகனும் சங்கத்துக்காரரும் வேலையாட்களும் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், கனகலிங்கத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னாள். 

கனகலிங்கம் மனைவியின் கழுத்தைப் பார்த்தார்.

"அந்த அட்டியலுமோ?"

"ஓம்."

"அரிசிக்கோ?"

"அட்டியல் பால்மாவுக்கு."

அவர் படலையைத் திறந்துகொண்டு குளக்கட்டுப் பக்கம் போனார். மத்தியானம்தான் திரும்பி வந்தார். அன்றிலிருந்து மனைவி எதைச் சொன்னாலும் இரண்டாம் தரம் கேட்டார். சீனி முடிந்துவிட்டது என்று அவள் சொன்னால்கூடப் போத்தலைத் திறந்து பார்த்தார்.

ஊர் முழுதாக நம்பவில்லை. இரண்டு பெண்களும் பங்கு பிரித்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்கள் என்று கடையடியில் இன்னும் சிலர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அமராவதி மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள்.

"கோவம் இல்லையோ அக்கா?" என்று ஜனகன் கேட்டான்.

"அந்த மனிசன் ஆயுதம் தாட்டிருக்கு எண்டெல்லோ நான் நினைச்சனான்" என்றாள் அவள். "பொலிசுக்குச் சொல்லுவமோ எண்டும் யோசிச்சனான். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

சித்திரைக்கு முன்பே மேட்டில் வீடு எழும்பியது. பால் காய்ச்சுவதற்கு விமலேஸ்வரி வந்து அழைத்தாள். அமராவதி போய் வாசலோரம் நின்றாள். கனகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையோடு அவளிடம் வந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. புது அடுப்படியின் நிலத்தைக் காட்டி, "மூலை முழுக்கப் பாத்தனீரோ?" என்றார். அதுவரை அவளை அவர் மரியாதையாக நீர் என்று அழைத்ததில்லை.

"பாத்தனான் ஐயா. ஒண்டும் இல்லை."

அவர் தலையாட்டினார். ஆனாலும் அவள் குடித்து முடிக்கும்வரை அவளுடைய கைகளைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்று, கோப்பையைத் தன் கையால் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்.