ஆள் இருந்தால் சொறியாது

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். இது என் அக்கா ஷெரோமிக்கு நடந்தது. வீடியோ நாடாவை என் கண்ணாலேயே பார்த்தேன்.

2004ஆம் ஆண்டு. தலவாக்கலைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் சுண்டெலிகளை வைத்து அரிப்பைப் பற்றி ஆராய்ந்தார்கள். அக்காவுக்கு அங்கேதான் வேலை. எலியின் பிடரியை மழித்து, அரிப்பு உண்டாக்கும் மருந்தை ஊசியால் ஏற்றுவாள். கேமராவை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். பிறகு நாடாவைப் போட்டுப் பார்த்து, எலி எத்தனை தடவை சொறிகிறது என்று எண்ணுவாள்.

வெளியே வந்தே ஆகவேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் எலி சொறியாது. அப்படியே உறைந்துபோகும்.

இது நடப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான் அப்பாவை அடக்கம் செய்திருந்தோம். அலோசியஸ் என்று பேர். தேயிலைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவர். கடைசி வருடம் உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து இரத்தம் வரும். ஆஸ்பத்திரியில் சொன்னபடி, அக்காதான் பழைய சேலையைக் கிழித்து அவர் கைகளைக் கட்டிலோடு கட்டினாள். அவர் கட்டில் சட்டத்தில் முதுகைத் தேய்ப்பார். சர்ர்... சர்ர்...

"முதுகு மட்டும், புள்ள. ஒருக்கா சொறிஞ்சு விடு."

"வேணாம்ப்பா. புண்ணாயிரும்."

கட்டோடுதான் போனார்.

ஒரு நாள் மத்தியானம். வெளியே பனிமூட்டம். அக்கா நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு எலிகளும் சொறிந்துகொண்டிருந்தன. திடீரென்று நின்றன. ஆறும் மூலையிலிருந்த நாற்காலியைப் பார்த்தன.

நாற்காலியில் யாரும் இல்லை.

ஆனால் நாடாவில் சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்...

மேலதிகாரி முத்துலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், எட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கை ஆர் பிள்ளை இருந்தது?"

"யாரும் இல்லைங்க சேர்."

"ஆள் இருந்தால்தானே உதுகள் இப்பிடி நிக்கும்."

மறுநாள் அக்கா ஊசி போட்டாள். கேமராவை ஓடவிட்டாள். வெளியே வரவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சர்ர்... சர்ர்...

கையை நீட்டினாள்.

"இங்கயாப்பா?"

விரலில் ஏதோ ஈரமாகப் பட்டது.

சத்தம் நின்றது.

அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "இனி அப்பாவுக்கு அரிக்காதுடா, ஜூட்சன்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிடரியைச் சொறிந்தாள்.

பிறகு நிறுத்தவே இல்லை.

எந்த டாக்டராலும் நோயைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகஸ்டில் போய்விட்டாள். அவள் கைகளை நான் கட்டவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு முத்துலிங்கம் அந்த நாடாவோடு வந்தார்.

"தம்பி, நீர் இதைப் பாக்க வேணும்."

பார்த்தேன். அக்கா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எலிகள் அவளுக்கு எட்டும் தூரத்தில்.

ஒன்றுகூட உறையவில்லை.

ஆறும் சொறிந்துகொண்டே இருக்கின்றன... ஆளில்லாத அறையில் சொறிவது போல.