கறுத்த கிடுகும் புதுக் கிடுகும்

போன கிழமை கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். சீமெந்துக் கூரைக்கு மேல் அழகுக்காகப் பின்னிய தென்னோலைக் கிடுகு வேய்ந்திருந்தார்கள். நனைந்த ஓலை மணத்துக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பு உறைப்பாக்கும் என்று கூட வந்தவர் தண்ணீரை நீட்டினார்.

அது வட்டக்கச்சியில் தம்பையா அண்ணையின் வளவு மணம். அப்போது நான் புதிதாக வேலை கிடைத்த வாத்தியார். அவருடைய முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். பின்பக்கக் கொட்டிலில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த திரேசா அக்கா, இரண்டு பிள்ளைகளோடு. புருஷன் கடலோடு போய்விட்டார். கொட்டில் ஒழுகியது. கூரை வேய்வது வீட்டுக்காரர் பொறுப்பு என்பதுதான் ஊர் வழக்கம். தம்பையா அண்ணை அசையவில்லை. அக்கா காதுத் தோட்டை விற்றுக் கிடுகு வாங்கி, கறுத்துப்போன பழையதன் மேலேயே வேய்ந்தார். வாடகையில் கழிப்பார் என்று நம்பினார். அந்த மனுசன் வாடகை தரவில்லையென்று வழக்குப் போட்டார்.

அக்காவுக்குச் சாட்சி சொல்ல நான் சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டு போனேன். என்னைக் கூப்பிடவே இல்லை.

"அவர் வேயச் சொன்னவரோ?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லை ஐயா. ஒழுகினது, வேஞ்சனான்."

சொல்லாமல் வேய்ந்தது வாடகையில் சேராது, கொட்டிலை விடவேண்டும், தன் கிடுகைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று தீர்ப்பு.

மார்கழி மழைக்குள் அக்கா கூரையில் ஏறிப் பிரித்தார். தம்பையா அண்ணை குடையோடு கீழே நின்றார்.

"கறுத்த கிடுகு என்ர, பிள்ளை. அதை இஞ்சால போடும்."

"மழை விடட்டும் அண்ணை," என்றேன்.

"மாஸ்டருக்கும் அறை வேண்டாமோ?"

அந்த ஆளோடு நான் பிறகு கதைத்ததில்லை. பெரிய வீரம்தான்.

அக்கா பிள்ளைகளோடு வாய்க்கால் கரையில் போய்க் குந்தினார். புதுக் கிடுகு பிரிக்கும்போதே பாதி கிழிந்துபோனது. தை பிறக்க முன் சின்னவனைக் காய்ச்சல் கொண்டுபோனது. செத்தவீட்டுப் பந்தலுக்கு ஊரார் ஆளுக்கொரு கட்டுக் கிடுகு கொண்டுவருவார்கள். தம்பையா அண்ணையும் சைக்கிளில் கறுத்த கிடுகு கட்டிக்கொண்டு வந்தார்.

"செத்தவீட்டுக்கு நான் ஒண்டும் கேக்கமாட்டன் பிள்ளை."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப என்னத்துக்கு அண்ணை? அவன் இனி நனையமாட்டான்."

அடக்கம் முடிந்ததும் அவர் தன்னுடையதைப் பிரித்துக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு சண்டை வந்து எல்லோரும்தான் ஓடினோம், அவரும். யார் எங்கே என்று தெரியாது. போன வருடம் தேடிப்போனேன். வழக்கு நடந்த கட்டடம் இல்லை, அந்த வீடும் இல்லை. அடக்கம் செய்த சேமக்காலையில் பிள்ளைக்கு நட்ட மரச்சிலுவையையும் காணவில்லை.