எட்டுக் கிலோ அப்பா

விமான நிலையத்துக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பிழைக்கிறவன் ஒரு நாளைக்கு நூறு தடவை ‘முடியாதுங்க’ என்று சொல்ல வேண்டும். அதையும் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். எழுபதுகளின் கடைசியில் மதுரை விமான நிலையத்தில் எனக்கு அந்த உத்தியோகம்தான். பேர் என்னவோ டிராபிக் அசிஸ்டென்ட். வேலை, வருகிறவர்களின் மூட்டையை எடை போடுவதும், போட்டதற்காகத் திட்டு வாங்குவதும்.

இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு மூட்டை என்று நீங்கள் எப்போதாவது வெளியூர் கிளம்பியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நீங்கள் பட்ட பாட்டை இந்தப் பக்கம் நானும் பட்டிருக்கிறேன்.

தெம்பு இல்லாத விமானம்

எங்களை உண்டு இல்லை என்று ஆக்கியவர்கள் ‘கப்பல் பார்ட்டி’கள். அது நாங்கள் வைத்த பேர். அப்போதெல்லாம் மெட்ராஸிலிருந்து பினாங்குக்குக் கப்பல் போகும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரயிலில் அல்லாட முடியாது என்று கொஞ்சம் வசதிப்பட்டவர்கள் மெட்ராஸ் வரைக்கும் விமானத்தில் போய்க் கப்பலைப் பிடிப்பார்கள். கப்பலில் பெட்டி பெட்டியாக ஏற்றலாம். விமானத்தில் ஆளுக்கு இருபது கிலோ. இவர்களோ கப்பலுக்கு மூட்டை கட்டி, அதை விமானத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஏனென்று கேட்டால், "நாங்க கப்பலுக்குத்தானே போறோம்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

வில்லாபுரத்து அம்மா ஒருவர் ஒரு நாள் இரண்டு பிள்ளைகளோடு ஆட்டுக்கல்லையும் கொண்டு வந்துவிட்டார். பினாங்கில் மகராசியாக மாவாட்ட வேண்டுமாம். எடை மெஷினில் அதை ஏற்றவே மூன்று பேர் வேண்டியிருந்தது. "அம்மா, கோடிப் புண்ணியமாப் போகும், இதை ஏத்த முடியாது, விமானம் தாங்காது" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தம்மா ஜன்னல் வழியாக, வெளியே நின்ற விமானத்தை மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு கல்லத் தூக்கத் தெம்பு இல்ல, இதுலயா எம்பிள்ளைகள ஏத்தச் சொல்றீக?"

முள் ஆடிய ஆட்டம்

சின்னப் பைகளை எடை பார்க்க எங்களிடம் ஒரு கொக்கித் தராசு இருந்தது. கவுன்ட்டருக்குப் பக்கத்தில், மேலே உத்திரத்திலிருந்து தொங்கும். வட்டமாக ஒரு முகம், அதில் ஒரு முள், கீழே உருப்படியான இரும்புக் கொக்கி. நம்ம ஊர்ப் பெண்பிள்ளைகள் கண்ணில் உத்திரத்துக் கொக்கி ஒன்று பட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் உள்ளே போய் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் ஒரு அம்மா சேலையை மாட்டி, தூளி கட்டி, பிள்ளையைப் போட்டு ஆட்ட ஆரம்பித்துவிட்டது. மேலே முள் ஒன்பதுக்கும் பதினாலுக்கும் நடுவே பேயாட்டம் ஆடுகிறது.

வரிசையில் பத்துப் பேர் பையோடு நிற்கிறார்கள். "தராசு வேணும்மா, தூளியை அவுத்துருங்க" என்றேன். அந்தம்மா ஆட்டுவதை நிறுத்தாமல், குரலை மட்டும் தாழ்த்திச் சொன்னது: "இப்பத்தாண்ணே கண்ணசந்தான். வேணும்னா அந்தப் பைகளையும் இதுலயே போட்டு, ஆடுற ஆட்டத்துல குத்துமதிப்பா எழுதிக்கங்க."

கால் இல்லாத நாற்காலி

இதெல்லாம் சும்மா ஒத்திகை. நிஜக் கூத்து ஒரு சித்திரை மாதத்துக் காலையில் சைக்கிளில் வந்தது.

அவனியாபுரம் பக்கம் தோட்டந்துரவு உள்ள குடும்பம். சைக்கிளை மிதித்து வந்தவர் தங்கச்சாமி. பின்னாலேயே மூட்டையோடு குதிரை வண்டியில் அவர் தங்கச்சி சரோஜா. சைக்கிள் கேரியரில் சிவப்பு ரெக்ஸின் போட்ட ஒரு நாற்காலியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அதற்குக் கால் கிடையாது. முதுகு உண்டு, கை உண்டு, குறுக்கே இரண்டு வார் உண்டு. வாருக்குள் ஜமீன்தார் தோரணையில் இரண்டு வயசு நிரம்பாத ஒரு பயல் உட்கார்ந்திருந்தான். பேர் பாண்டி.

"என்னண்ணே இது?" என்றேன். தங்கச்சாமி பெருமையாகச் சொன்னார். சரோஜா வீட்டுக்காரர் கருப்பையா பினாங்கில் ஒரு முதலாளி வீட்டுக் கார் டிரைவர். மனைவி அஞ்சு மாசமாக இருக்கும்போது கப்பலேறியவர், மகனை இன்னும் பார்க்கவில்லை. முதலாளி வீட்டுப் பிள்ளையைக் காரில் உட்கார வைக்கிற சீட்டு பழசாகிப்போக, அதைக் கேட்டு வாங்கி, ஊருக்கு வந்த கூட்டாளி மூலம் மகனுக்கு அனுப்பிவிட்டார். காரில் உட்காருவதற்கு இப்படி ஒரு வஸ்து இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "உங்க வீட்ல கார் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். தங்கச்சாமிக்கு என் புத்தியை நினைத்துப் பரிதாபமாகப் போய்விட்டது: "காருக்கு எங்கண்ணே போறது? டாக்ஸில வச்சுப் பாத்தோம், ஒக்காரல. சைக்கிள்லதான் அம்சமா ஒக்காருது."

அப்பாவுக்கு இடமில்லை

சரோஜாவின் மூட்டையை மெஷினில் வைத்தேன். மடிப்பிள்ளைக்குத் தனிக் கணக்கு கிடையாது, அம்மாவுக்கும் மகனுக்கும் சேர்த்தே இருபது கிலோதான். பத்தொன்பதரைக் கிலோ. அட, திருந்திவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டேன். அடுத்து நாற்காலியைக் கொக்கியில் மாட்டினால் எட்டுக் கிலோ! மற்ற நாளென்றால் கூடுதலுக்குக் கட்டணம் போட்டு ஏற்றிவிடலாம். அன்றைக்கு வெயில் பொசுக்குகிறது, அந்தச் சூட்டில் விமானத்துக்குத் தூக்குகிற பலம் குறையும், போதாததற்கு விமானம் நிறைய ஆள். கூடுதல் எடை ஒரு கிலோகூட ஏற்றக் கூடாது என்று பைலட் சொல்லியனுப்பியிருந்தார். கையில் கொண்டுபோகலாம் என்றால் சீட்டுக்கடியிலும் நுழையாது, மேலேயும் நுழையாது.

"முடியாதும்மா" என்று நாற்காலியை ஓரமாக நகர்த்தினேன். அவ்வளவுதான். பாண்டி தரையில் விழுந்து, "அப்பா! அப்பா!" என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினான். பாவம், அப்பாவைப் பார்க்கிற ஏக்கம் என்று நினைத்து, "அப்பாட்டதாண்டா போற, கண்ணு" என்று தூக்கப் போனேன். என் கையைக் கடித்துவிட்டு நாற்காலியைக் கட்டிக்கொண்டான். சரோஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அந்தச் சேரத்தாண்ணே அப்பாங்குறான்" என்றது. வந்த நாளிலிருந்து ‘இது யாரு? அப்பா. அப்பாட்ட ஒக்காரு. அப்பாட்ட ஒக்காந்து சாப்புடு’ என்று சொல்லிச் சொல்லி, பயல் அதையே அப்பா என்று முடிவு பண்ணிவிட்டான். சோறு, தூக்கம், எல்லாம் அப்பா மடியில்தான்.

சிரிப்பு வந்தது. ஆனால் சரோஜா சிரிக்கவில்லை. கருப்பையா எழுதிய கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியது. ‘பய நடந்ததை நான் பாக்கல. ஓடுறதையாவது பாக்கணும். சீக்கிரம் கூட்டிக்கிட்டு வா’ என்று எழுதியிருந்தார். "இவன் வேத்து ஆம்பளைட்ட போகவே மாட்டான்ணே. அங்க போயி அவுகளப் பாத்து அலறுனான்னா அவுக மனசு என்னாகும்? இந்தச் சேர் கூட இருந்தாலாவது ரெண்டு பேருக்கும் ஒரு பிடிமானமா இருக்கும்" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. உள்ளே ஓடி எங்கள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ரூல்காரர். கப்பல் நாளைக்குக் காலையிலேயே கிளம்புகிறது என்பதைக் காதில் வாங்காமல், பேனாவை மூடி வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "அம்மாவும் பிள்ளையும் இன்னைக்குப் போகட்டும்யா, அப்பாவ நாளைக்கு பிளேன்ல அனுப்புவோம்."

உப்புக்கண்டமா, அப்பாவா?

வெளியே வந்து ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றேன். இருபது கிலோவுக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். மூட்டையிலிருந்து ஏழரைக் கிலோவை எடுத்துவிட்டால் நாற்காலி போகும். கதவு மூட இன்னும் இருபத்தைந்து நிமிஷம்.

தங்கச்சாமி மூட்டையை அவிழ்த்தார் பாருங்கள், எங்கள் ஹாலே பலசரக்குக் கடையாக மாறிவிட்டது. மல்லித்தூள், மிளகாய்த்தூள், கூழ்வத்தல், புளி, ஒரு தூக்குவாளி நிறைய உப்புக்கண்டம். சரோஜா ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைக்க, ஒவ்வொன்றுக்கும் தங்கச்சாமிக்கு உயிர் போனது. உப்புக்கண்டத்தில் கை வைத்ததும் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, மச்சான் ஆசையா எழுதிக் கேட்டாருத்தா. மொட்டை மாடில காக்கா வெரட்டி வெரட்டிக் காயப்போட்டேன்" என்று மன்றாடினார். "அண்ணே, அவுக கறி திங்கவா கூப்புட்டாக? விடுண்ணே" என்று சரோஜா வெடுக்கென்று பிடுங்கி வைத்தது. அந்த மனுசன் மூஞ்சியைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

அப்படியும் ஒன்றரைக் கிலோ கூடுதல். மிச்சமிருந்தது துணிமணியும் பயலின் பால் டின்னும்தான். சரோஜா என்னைக் கேட்டது: "ஏண்ணே, மேல உடுத்திருக்கிறத எடை போடுவீகளா?" மாட்டோம் என்றேன். மூன்று சேலையை அள்ளிக்கொண்டு பெண்கள் அறைக்குள் போனது. வெளியே வரும்போது அம்மன் தேர் நகர்ந்து வருகிற மாதிரி வந்தது. விமானத்துக்கு எடை ஒன்றுதானே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆள் ஒல்லியா குண்டா என்று எங்கள் கணக்கில் கிடையாது. ஒரு ஆள் ஒரு ஆள்தான். மூட்டையும் நாற்காலியும் சேர்த்து முள் சரியாக இருபதில் நின்றது. சீட்டை எழுதிக் கட்டினேன். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு என் காதுப் பக்கம் குனிந்தார்: "ஏன்யா, அந்தப் பொண்ணு வரும்போது ஒல்லியாத்தானே இருந்துச்சு?"

விமானத்தின் வயிற்றில்

முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். சரோஜா பயலை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலு சேலைக்குள் மூச்சு வாங்க, விமானத்தை நோக்கி நடந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் லோடர் முத்து நாற்காலியைத் தூக்கி விமானத்தின் வயிற்றுக்குள் போட்டார். பாண்டி பார்த்துவிட்டான். தன்னைப் பெற்ற அப்பாவைத் தன் கண் முன்னால் ஒரு விமானம் விழுங்கினால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓட்டம் பிடித்தான்.

நாலு சேலை கட்டியவளால் ஓட முடியுமா? நான்தான் ஓடினேன். டை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். பிடித்துத் தூக்கி, சரக்கு ஏற்றுகிற கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே இருட்டில் பெட்டிகளுக்கு நடுவே சிவப்பாக அப்பா. முத்து நல்ல மனுசன். நாற்காலியைப் பெட்டி மேல் நிமிர்த்தி வைத்து, வாரைப் பூட்டி, மேலே ஒரு சாக்கையும் போர்த்திவிட்டார். விமானத்தில் அத்தனை பேரும் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயல் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கையை ஆட்டினான். அழுகையும் நின்றது. முத்து கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்து அடங்கின குரலில் ரிப்போர்ட் கொடுத்தார்: "அப்பா நல்லாத் தூங்குறாரு, எறங்குனதும் எழுப்பச் சொல்லிருக்கேன்."

துறைமுகத்தில்

மூன்று வருஷம் கழித்து மெட்ராஸ் விமானத்திலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. "அண்ணே, என்னத் தெரியலையா?" என்று கேட்டதும் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை ஒரே ஒரு சேலைதான் கட்டியிருந்தது. பக்கத்தில் அஞ்சு வயசுப் பாண்டி, கருப்பையாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கருப்பையா கூச்ச சுபாவி. என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"பய உங்ககிட்ட வந்தானா?" என்று கேட்டேன். மூன்று வருஷமாக மனசில் கிடந்த கேள்வி. சரோஜா தலையைக் குனிந்துகொண்டது. கப்பலை விட்டு இறங்கியதும் கருப்பையா கையை நீட்டியிருக்கிறார். பயல் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டு, நாற்காலியைக் காட்டி, "இதான் அப்பா" என்று சொல்லிவிட்டான். அவுக மூஞ்சி செத்துப்போச்சு என்றது சரோஜா. அப்புறம் என்ன நடந்தது என்று கருப்பையாவே சொன்னார், அத்தனை பேர் நடமாட்டத்துக்கு நடுவே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒண்ணும் ஓடலண்ணே, அந்தச் சேரத் தூக்கித் தலைல வச்சுக்கிட்டு விறுவிறுன்னு நடந்துட்டேன். பய ‘அப்பா, அப்பா’ன்னு பின்னாடியே ஓடியாந்தான், யாரக் கூப்புட்டா என்னண்ணே, எம்புள்ள ஓடுனதப் பாத்துட்டேன்ல?"

இனி கால் இல்லாத நாற்காலி எது வந்தாலும் முள்ளைப் பார்க்காமல் ஏற்றிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆனால் என் சர்வீஸ் முடிகிற வரைக்கும் மதுரைக்கு வந்ததென்னவோ ஆட்டுக்கல்தான்.